லூர்துமேரி அக்காவின் ஜப்பான் பிளான்

நான் ஜப்பானுக்குப் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மரக்காணத்தில் பாதிப் பேர் நான் போய்வந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நகோயாவில் இறங்கி கனசாவாவுக்கு எப்படிப் போவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் போனது நானில்லை. உப்பளத்தில் கூடை சுமக்கும் லூர்துமேரி அக்கா போனார். நான் பிளான் மட்டும்தான் போட்டேன், அதிலும் முக்கால்வாசியை அவர் பால்பாயின்ட் பேனாவால் அடித்துவிட்டார்.

அப்போது நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். பரீட்சை ரிசல்ட் பார்ப்பது, பயோடேட்டா அடிப்பது, கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுவது என்று எல்லாம் உண்டு. ஊரில் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தாலும் மணிவண்ணனைத்தான் தேடி வருவார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது. பிறந்து வளர்ந்தது இதே ஊர் என்றாலும் உப்பளத்தை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அப்பாவுக்கு வானூரில் ஆபீஸ் வேலை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை உப்பு என்பது அடுப்பு மேடையில் ஜாடிக்குள் இருப்பது.

லூர்துமேரி அக்கா பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தார். வந்த எட்டாம் நாள் அளத்தில் இறங்கினார். அவர் கணவர் சாலமன் அங்கேதான் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டுகிறார், அதிகம் பேசாத மனிதர். ஒரே மகள் பிரியதர்ஷினி புதுச்சேரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா படித்தது ஐந்தாவது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிப்பது அவர்தான். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, கூடையைப் பார்த்து இறக்குகிற மாதிரி இறக்கி வைத்து வாசிப்பார். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும்.

அளத்தில் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். உப்பு நிறைந்த கூடையைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒருத்தி தூக்கி வைக்க வேண்டும், ஒருத்தி சும்மாட்டில் வாங்க வேண்டும், அடுத்த நடைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். லூர்துமேரி அக்காவுக்கு ஜோடி தெய்வநாயகி. இருபத்து நாலு வருஷமாக இவர் தலைக்கு அவர், அவர் தலைக்கு இவர். இதனாலோ என்னவோ, எந்த இடத்தில் எந்தச் சுமையைப் பார்த்தாலும் அக்கா முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இத யாரு தூக்கி வைக்கிறாங்க?"

2005 மார்ச்சில் ஹருமி என்ற ஜப்பான்காரப் பெண் எங்கள் ஊருக்கு வந்தார். சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களில் வேலை செய்ய வந்த குழுக்களில் ஒன்றோடு சேர்ந்து வந்தவர். அதற்கு முன்பே குயிலாப்பாளையத்தில் மூன்று வருஷம் தங்கி, மளிகைக் கடையில் பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். வேலை இல்லாத ஒரு காலையில் உப்பளத்தைப் பார்க்க வந்து, செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுப் பாத்தியில் இறங்கினார். அங்கே வந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வரப்பிலேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தப் பெண் இறங்கியதே எல்லாருக்கும் ஆச்சரியம்.

கொஞ்சம் உப்பு கொடுங்கள் என்று ஹருமி கையை நீட்டினார். லூர்துமேரி அக்கா கையில் கொடுக்காமல், ஒரு பிடி அள்ளி வரப்பில் வைத்தார். ஹருமியின் முகம் வாடிவிட்டது. தன் கையில் படக்கூடாது என்று நினைக்கிறார்களோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"அய்யய்யோ, அப்படி இல்லம்மா. உப்பை கைக்குக் கை கொடுத்தா ரெண்டு பேருக்கும் சண்டை வரும். உன்கூட எனக்கு எதுக்கு சண்டை? கீழ வெச்சிருக்கேன், எடுத்துக்க" என்றார் அக்கா.

ஹருமி சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார். பிறகு தானும் ஒரு கூடை சுமக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். தெய்வநாயகி தூக்கி வைத்தார். பத்தடி போவதற்குள் கூடை ஒரு பக்கம், ஹருமி ஒரு பக்கம். அளமே சிரித்தது. உட்கார்ந்தபடியே ஹருமி சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம். தன் ஊர் நோட்டோ என்ற இடத்தில் கடற்கரையில் இருக்கிறது, அங்கே தன் அண்ணனும் அண்ணியும் உப்புதான் எடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் உப்பைச் சுமப்பதில்லை, கடல் தண்ணீரைத் தோளில் சுமந்து வந்து மணலில் மழை மாதிரி வீசுகிறார்கள் என்றார்.

மேஸ்திரி சுப்ராயன் இதை நம்பவே இல்லை. "கடல் தண்ணியை எவனாவது தோள்ல சுமப்பானா? ஒரு வாய்க்கால் வெட்டினா தானா வந்துட்டுப் போகுது. அந்தப் பொண்ணு சும்மா கதை விடுது."

"அது பொய் சொல்ற பொண்ணு இல்ல" என்றார் அக்கா.

"நீ போய்ப் பார்த்தியா?"

அதன் பிறகு சுப்ராயன் விடவே இல்லை. யாராவது கொஞ்சம் கூட்டிப் பேசினால் போதும், "ஆமாம்பா, ஜப்பான்ல தண்ணி சுமக்கறாங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவையாவது அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை பிறந்துவிட்டது. வேளாங்கண்ணியைத் தாண்டிப் போயிராத மனுஷிக்கு இப்படி ஒரு ஆசை.

ஆகஸ்டில், ஜப்பானுக்குத் திரும்பிவிட்ட ஹருமியிடமிருந்து கடிதம் வந்தது. தன் ஊர்ச் சங்கம் ஒன்று செலவை ஏற்றுக்கொள்வதாகவும், லூர்துமேரியும் அவரோடு இன்னொருவரும் ஒன்பது நாள் வந்து ஜப்பானியப் பண்பாட்டை அனுபவிக்கலாம் என்றும் எழுதியிருந்தார் ஹருமி. எப்போது வருகிறீர்கள், எங்கெங்கே போக ஆசை, நீங்களே ஒரு திட்டம் போட்டு அனுப்புங்கள் என்றும் இருந்தது.

நான் கடிதத்தை இரண்டு முறை படித்துக் காட்டினேன். "இன்னொருவர்" என்ற வார்த்தை வந்ததும் என் காதுக்குள் விமானச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. சாலமன் வர மாட்டார், அவருக்குத் திண்டிவனம் போவதற்குள் பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி வந்துவிடும். மகளுக்குப் பரீட்சை. இங்கிலீஷ் தெரிந்த ஆள் ஊரில் யார்? நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு வாரம் கடையில் வேறு வேலையே நடக்கவில்லை. எனக்குப் பிடித்த ஜப்பானை எல்லாம் பிளானில் ஏற்றினேன். டோக்கியோவில் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு, புல்லட் ரயில், ஃபூஜி மலை, தங்கக் கோயில், தேநீர்ச் சடங்கு, பூ அலங்காரம். கலரில் பிரின்ட் எடுத்து அக்காவின் முன்னால் வைத்தேன். அவர் கைகழுவித் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது இன்னா தம்பி?"

"டீ குடிக்கிற சடங்கு அக்கா. ஒரு கப் டீ குடிச்சு முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். பெரிய கலை."

"பாத்திரம் யாரு கழுவுறாங்க?"

"அதெல்லாம் போடல."

"அப்ப வேணாம்." பேனா ஒரு கோடு போட்டது.

"இது தங்கத்துல செஞ்ச கோயில்."

"உள்ள விடுவாங்களா?"

"உள்ள விட மாட்டாங்க. குளத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம்."

"நான் என்னாத்துக்கு அவ்ளோ தூரம் போய் வெளிய நிக்கணும்?" இன்னொரு கோடு.

எலக்ட்ரானிக்ஸ் தெருவுக்குக் கோடு விழுந்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. ஃபூஜி மலைக்கு, "மேல ஏறணுமா? ஏறி?" என்று கேட்டுவிட்டுக் கோடு. கடைசியாக இரண்டு குண்டு மனிதர்கள் கோவணத்தோடு நிற்கும் சுமோ மல்யுத்தப் படம் வந்தது. சிரித்துவிட்டுக் கோடு போடப்போகிறார் என்று நினைத்தேன். அக்கா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"இவன் கையில இருந்து கொட்டுதே, இன்னா அது?"

"உப்பு. சண்டைக்கு முன்னால மேடை சுத்தமாகணும்னு வீசுவாங்களாம்."

அக்கா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தார். "முழுசா ஒரு பிடி. நாள் பூரா எத்தினி பேரு வீசுவானுங்க? எவ சுமந்த உப்போ" என்றார். குரலில் கோபமா ஆச்சரியமா என்று எனக்குத் தெரியவில்லை. "இது இருக்கட்டும். இவனுங்கள நான் நேர்ல பார்க்கணும்."

அன்றுதான் பிளான் வேறு பக்கம் திரும்பியது. ஜப்பானில் உப்பு எங்கெல்லாம் வருகிறது என்று தேடச் சொன்னார். ஹருமிக்கு மெயில் போட்டுக் கேட்டோம். சில ஓட்டல்களின் வாசலில் இரண்டு பக்கமும் சின்னக் கூம்பு மாதிரி உப்பைக் குவித்து வைப்பார்கள், சாவு வீட்டிலிருந்து திரும்பினால் உப்பைத் தூவிக்கொண்டுதான் உள்ளே போவார்கள் என்றெல்லாம் பதில் வந்தது. ஒவ்வொன்றையும் அக்கா பிளானில் எழுதச் சொன்னார். இதில் பண்பாடு எங்கே இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. என்ன இருந்தாலும் அவர் டிக்கெட், நான் கூடப் போகிறவன்தானே என்று அடக்கிக்கொண்டேன்.

எப்போது போவது என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. நவம்பர். மழைக்காலத்தில் அளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், ஒருவருக்கும் வேலை இருக்காது. "உப்புக்காரங்க வீட்டுக்கு சீசன்ல விருந்தாளியா போய் நின்னா அவங்க வேலையப் பார்ப்பாங்களா, நம்மளப் பார்ப்பாங்களா? வேலை ஓஞ்ச நேரம்தான் மரியாதை" என்றார் அக்கா. எனக்கும் அது சரியாகவே பட்டது. நவம்பர் என்று அழகாக டைப் அடித்து அனுப்பினேன். புதுச்சேரிக்குப் போய் ஸ்வெட்டர் ஒன்றும் வாங்கிவிட்டேன், கறுப்பில் சிவப்புக் கோடு போட்டது.

நாலாம் நாள் பதில் வந்தது. ஹருமி மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். திட்டம் தனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் நவம்பரில் வந்தால் உப்பு இருக்காது. அவர்கள் ஊரில் கோடையில் மட்டும்தான் வேலை. நவம்பரில் குளிரும் மழையும் வந்துவிடும், அண்ணன் அப்போது வேறு வேலைக்குப் போய்விடுவார். தண்ணீர் சுமப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் ஜூலையில் வர வேண்டும், நகோயாவில் சுமோ போட்டியும் அப்போதுதான்.

அக்கா கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அங்கேயும் உப்புக்காரர்களுக்கு மழைக்காலம் ஓய்வு என்பதை எவ்வளவு சரியாகக் கணித்தோம் பாருங்கள். அந்த ஓய்வில் உப்பே இருக்காது என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. ஆள் ஓய்ந்திருந்தால் பாத்தியும் ஓய்ந்திருக்கும் அல்லவா? உப்பளத்திலேயே வாழ்ந்த அக்காவும் இன்டர்நெட்டிலேயே வாழ்ந்த நானும் சேர்ந்து போட்ட பிளான் அது.

"ஜூலைன்னா நம்ம சீசன்" என்றார் அக்கா. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஜூலை, அளத்தில் உப்பு மலையாகக் குவிகிற நேரம். அதை விட்டுப் போவதா, ஆசையை விடுவதா என்று அவர் யோசித்த ஆறு மாதமும் எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

2006 மார்ச்சில் அக்கா திரும்ப வந்தார். கையில் ஞானஸ்நானச் சான்றிதழ், ரேஷன் கார்டு. "ஜூலையிலயே போறோம். பாஸ்போர்ட்டுக்கு எழுது தம்பி" என்றார். எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. அவருடைய ஃபாரத்தை நிரப்பி முடித்து, அடுத்ததில் என் பெயரை எழுதப் பேனா மூடியைத் திறந்தேன். அப்போது கதவுக்கு வெளியே நின்றிருந்த தெய்வநாயகி, புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இவளுக்கும் எழுது. பொறந்த தேதிதான் தெரியாதாம். பெருமழை பேஞ்ச வருசம்ங்கறா" என்றார் அக்கா.

என்னால் சிரிக்க முடியவில்லை. சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பேனாவால் எழுதும் ஃபாரத்துக்கு எதற்கு சர்வர் என்று இருவருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் கேட்கவில்லை. மறுநாளும் சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கு மறுநாளும்.

வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஏழு மாதம் கண் எரிய உட்கார்ந்து தேடினவன் நான். மெயில் எழுதினவன் நான். ஜப்பானிய மொழியில் வணக்கமும் நன்றியும் கற்றுக்கொண்டவன் நான். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற தெய்வநாயகி அங்கே போய் என்ன செய்யப் போகிறார்? நாலாம் நாள் காலையில் அந்தக் காகிதங்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு, வேறு யாரிடமாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதற்காக டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன்.

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஷூவோடு வரப்பில் நின்றேன். பாத்திக்கு அந்தப் பக்கம் எட்டு ஜோடிப் பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஜோடி இவர்கள் இருவரும். தெய்வநாயகி குனிந்தார், அக்கா எதிரில் குனிந்தார், ஒரு வார்த்தை இல்லை, ஒரு பார்வை கூட இல்லை, கூடை இரண்டு பேர் கையிலும் ஒரே மூச்சில் எழும்பி அக்காவின் தலைக்குப் போய்விட்டது. அக்கா நடந்து குவியலில் கொட்டிவிட்டு வந்தார். அதற்குள் அடுத்த கூடை நிரம்பியிருந்தது, இப்போது தெய்வநாயகியின் முறை. நான் எத்தனை நடை பார்த்தேன் என்று தெரியாது. ஒரு நடையில் கூட ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்துவிட்டு வரப்புக்கு வந்தார். கால் முழுக்க வெள்ளையாக இருந்தது.

"கோவமா இருக்கியா?"

"எனக்கு என்ன கோவம்."

"இருக்குது. மூஞ்சியிலயே எழுதி இருக்குது." கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "சீசன்ல நான் போயிட்டா இவ தலைக்கு யாரு தூக்கி வைக்கிறது? மத்தவங்க எல்லாம் ஜோடியா இருக்காங்க. இவ ஒண்டியா வீட்டுல குந்தணும். நான் அங்க ஊரு சுத்திப் பார்க்கறப்ப இவ குந்தினு இருப்பான்னா, எனக்குப் பார்க்கறது கண்ணுக்குள்ள போகுமா?"

நான் கவரை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு. நீ வந்தா எனக்கு ஜப்பானைக் காட்டுவ. இவ வந்தா நான் இவளுக்குக் காட்டுவேன். ஆயுசுக்கும் ஒருத்தருக்கு ஒண்ணக் காட்டினவ இல்ல தம்பி நானு."

அந்தக் கவரை நான் அவரிடம் கொடுக்கவில்லை. திரும்பிக் கடைக்கு வந்து தெய்வநாயகியின் ஃபாரத்தை எழுதினேன். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி போனது. மீதிக் கோபத்தை வைத்துக்கொண்டே வேலை செய்தேன்.

பாஸ்போர்ட்டுக்காக அளத்துக்கே போலீஸ் விசாரணைக்கு வந்தவர் நல்ல மனிதர். ஜப்பானில் என்ன வேலை என்று கேட்டார். "உப்பு பார்க்கப் போறோம் சார்" என்றார் தெய்வநாயகி. போலீஸ்காரர் தலையைத் திருப்பி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை குவிந்திருந்த உப்பைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

புது பிளானில் ஒரு சிக்கல் இருந்தது. தெய்வநாயகிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒன்பது நாளுக்கு ஒன்பது அட்டை செய்தேன். ஒரு பக்கம் அக்காவுக்காகத் தமிழில் பெரிய எழுத்து, மறுபக்கம் தெய்வநாயகிக்காகப் படம் மட்டும். எந்த ரயில், எந்த நிறம், எப்போது செருப்பைக் கழற்ற வேண்டும், எந்தச் செருப்பை எந்த அறைக்குள் போடக்கூடாது, எல்லாம் படத்தில். லேமினேட் பண்ணி ஓட்டை போட்டுக் கயிறு கோத்தேன். மூன்றாவது அட்டையில் சுமோ. ஐந்தாவது அட்டையில் ஹருமி அனுப்பிய வரைபடத்தைப் பார்த்து நானே வரைந்த நோட்டோ கடற்கரை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

ஜூலையில் அவர்கள் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்த சுப்ராயன், "தண்ணி சுமக்கறத பார்த்தா எனக்கும் ரெண்டு குடம் எடுத்தா" என்றார். நான் அட்டைகளின் நகலைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்து, நாளுக்கு ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டர் பீரோவுக்குள் இருந்தது.

ஆறாம் நாள் காலையில் ஹருமியிடமிருந்து மெயில் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, ஒரே ஒரு போட்டோ. நான் உடனே திறக்கவில்லை. ஆள் விட்டு சுப்ராயனை அழைத்துவரச் சொன்னேன். அவரோடு அளத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து கடையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான் திறந்தேன். எங்கள் ஊர் டெலிபோன் லைனில் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் வானம் வந்தது. வெகு நேரம் வானமே வந்தது. பிறகு கடல். பிறகு ஒரு தலை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

"மேரிதான்" என்றார் யாரோ.

தோள் வந்தது. தோளில் குறுக்காக ஒரு கழி. கழியின் இரண்டு முனையிலும் கயிறு. லைன் அறுந்துவிடக் கூடாதே என்று நான் சுமோக்காரர்கள் உட்பட எல்லாரையும் வேண்டிக்கொண்டேன். கயிறு கீழே இறங்கி இறங்கி, கடைசியில் இரண்டு மரத் தொட்டிகள் தெரிந்தன. தொட்டி நிறையத் தண்ணீர். ஒன்று தளும்பி அக்காவின் புடவையை நனைத்திருந்தது. பக்கத்தில் ஒரு ஜப்பான்காரப் பெண்மணி, ஹருமியின் அண்ணியாகத்தான் இருக்க வேண்டும், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். கழியின் பின்பக்கத்தைத் தெய்வநாயகி இரண்டு கையாலும் தாங்கி அக்காவின் தோளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

சுப்ராயன் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுமக்கறாங்கதான்" என்றார். போகும்போது கதவருகே நின்று, "இதைப் பெருசா ஒண்ணு எடுத்துக் குடுப்பா. ஷெட்ல மாட்டணும்" என்றார்.

ஊர் திரும்பிய மறுநாளே அக்கா கடைக்கு வந்தார். தெய்வநாயகியும் வந்தார். சுமோவில் உப்பு வீசியதும் தெய்வநாயகி எழுந்து நின்றுவிட்டாராம், கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளுகிற ஆளைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாராம். தண்ணீரை வீசும்போது அக்காவுடையது ஒரே இடத்தில் விழுந்து மணலில் குழி பறித்துவிட்டது, தெய்வநாயகி வீசியது முதல் தடவையே மழை மாதிரி விழுந்தது. "அவங்க அண்ணன் இவளைப் பார்த்துக் கும்பிட்டாருபா" என்றார் அக்கா. அந்த அண்ணன் புது உப்பை உள்ளங்கையில் வைத்து நீட்டியபோது அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹருமிதான் ஓடிவந்து அதை ஒரு பலகையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். இவர்கள் பலகையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

பேசி முடித்து அக்கா பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலத்தை எடுத்தார். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவர் அதைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்தார்.

"ஏற்கெனவே சண்டைதானே அக்கா."

"அது பழசு. புதுசா வேணாம்."

ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தேன். எனக்குத் தெரிந்த உப்பைவிடக் கொஞ்சம் மென்மையாக இருந்தது. மீதிக் கோபம் அப்போதுதான் போனது, எங்கே போனது என்று தெரியவில்லை.

"இன்னொரு பிளான் போடணும் தம்பி" என்றார் அக்கா. "அவங்க அண்ணனும் அண்ணியும் தை மாசம் கழிச்சு வர்றாங்க. அப்ப அங்க பனி, வேலை கிடையாது. நமக்கு சீசன் ஆரம்பிச்சிருக்கும். இந்தத் தடவை மாசம் தப்பா போகல."

பேப்பரை எடுத்தேன். முதல் நாள் இரும்பை கிராமத்துச் சிவன் கோயில், இரண்டாம் நாள் புதுச்சேரி கடற்கரை, மூன்றாம் நாள் செஞ்சிக் கோட்டை என்று வேகமாக எழுதினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, மூன்றையும் அடித்தார்.

"அதெல்லாம் அப்புறம். முத நாளு காலையில அஞ்சு மணிக்கு அளம்னு போடு. அண்ணியை நாயகி பார்த்துக்குவா. அண்ணனும் கூடை சுமக்கறேன்னு சொல்லிட்டாரு."

எழுதினேன். எழுதியபின் பழக்க தோஷத்தில் நானே கேட்டேன். "அவருக்கு யாரு தூக்கி வைக்கிறது?"

"ஆம்பளைக்கு ஆம்பளைதான் ஜோடி போடணும்" என்றார் அக்கா. குனிந்து மேஜைக்கு அடியில் என் கால்களைப் பார்த்தார். "ஷூவைக் கழட்டிட்டு வா. அதையும் அட்டையில படமா போட்டுக்க."